ஒரே சிவப்பு ஒயினை வருடவாரியாக ருசித்துப் பார்ப்பது எப்படி: கோலாலம்பூர் வீட்டு மேசைக்கு

ஒரே தயாரிப்பாளர், ஒரே லேபிள், அறுவடை வருடம் மட்டும் வேறு வேறு. இப்படி நாலைந்து பாட்டிலை ஒரே மாலையில் வரிசையாகத் திறந்து ருசிப்பதை வெர்ட்டிகல் டேஸ்டிங் என்பார்கள். கேட்டால் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் செய்கிற சமாசாரம் போலத் தெரியும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, ஆறு பேர் சேர்ந்து காசு போட்டால் பங்சாரிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு கொண்டோவின் சாப்பாட்டு மேசையிலேயே செய்துவிடலாம். ஆனால் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிளாசுக்குக் கிளாஸ் ருசி மாறுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். ஒன்று வயது. இன்னொன்று அந்த வருடத்து வெயிலும் மழையும். மூன்றாவது, பாட்டில் இத்தனை வருடமும் எங்கே, எப்படிக் கிடந்தது என்பது. குளிர்ந்த நிலவறை இருக்கிற ஊர்க்காரர்கள் மூன்றாவதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி, இரவில்கூட 24 டிகிரி போல இருக்கும், அதனால் இங்கே மூன்றாவது காரணம் முதல் இரண்டையும் விழுங்கிவிடும். பத்து வருடத்து ஒயின் என்று நினைத்து ருசிப்பீர்கள், உண்மையில் யாரோ வீட்டு வரவேற்பறை அலமாரியில் மூன்று வருடம் வெந்த ஒயினாக இருக்கும். எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மாலையின் வேலையே.

முதலில் எந்த ஒயின் என்று முடிவு செய்யுங்கள். வயது என்ன செய்கிறது என்பதைப் பார்க்க ஆசையென்றால் பென்ஃபோல்ட்ஸ் பின் 389 நல்ல தொடக்கம். தெற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் கேபர்னே, ஷிராஸ் என்கிற இரண்டு திராட்சை வகையைக் கலந்து செய்வது, 1960லிருந்து வருகிறது, இங்கேயும் சுலபமாகக் கிடைக்கும். பல வட்டாரத்துத் திராட்சையைக் கலந்து செய்வதால் ஒரு வட்டாரத்தில் மழை கெடுத்தாலும் இன்னொன்றால் ஓரளவு சரிக்கட்டிவிடுவார்கள். வருடத்து வானிலை கொஞ்சம் மங்கி, வயது முன்னால் வந்து நிற்கும். அதே நிறுவனத்தின் கிரேஞ்ச் என்கிற ஒயினின் கதை இதற்குப் பொருத்தம்: அங்கே ஒயின் செய்த மேக்ஸ் ஷூபர்ட் 1950இல் பிரான்சின் போர்டோ வட்டாரத்துக்குப் போய், பல பத்து வருடத்துப் பழைய ஒயின்கள் இன்னும் உயிரோடு இருப்பதை ருசித்துப் பார்த்துவிட்டு வந்து, 1951இல் சோதனையாக ஒன்றைச் செய்தார். இளசாகக் குடித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, 1957இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அவர் மேலிடத்துக்குத் தெரியாமல் தொடர்ந்து செய்தார். பழைய பாட்டில்கள் பக்குவப்பட்ட பிறகு ருசித்த அதே நிர்வாகம் மனம் மாறி 1960இல் மறுபடி அனுமதி கொடுத்தது.

வருடத்து வானிலையைப் பார்க்க ஆசையென்றால் போர்டோவில் ஒரே ஷாட்டோவை, அதாவது ஒரே தோட்டத்து ஒயினைப் பிடியுங்கள். பெரிய பெயர் வேண்டாம், க்ரூ பூர்ஷ்வா என்கிற நடுத்தரத்தில், போர்டோவின் மெடோக் பக்கத்து ஒயின் ஒன்று போதும். 2009 வெயிலில் நன்றாகப் பழுத்த வருடம், ஒயின் கொழுகொழுவென்று இருக்கும். 2010உம் பெரிய வருடம்தான், ஆனால் துவர்ப்பும் புளிப்பும் விறைப்பாக நிற்கும். 2013 பாவம், குளிரில் பூ சரியாகப் பிடிக்கவில்லை, கடைசியில் அழுகல் வேறு. 2016 மறுபடி பிரமாதம்.

இந்த 2013 போன்ற ஒரு மோசமான வருடத்தைக் கட்டாயம் வரிசையில் சேருங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். நல்ல வருடங்களை மட்டும் பொறுக்கி வைத்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். மெலிந்த வருடம் பக்கத்தில் இருந்தால்தான் மற்றவற்றின் சதைப்பற்று எங்கே இருக்கிறது என்று நாக்குக்குப் புரியும். விலையும் குறைவு. அதோடு, மெலிந்த வருடம் சீக்கிரமே பக்குவத்துக்கு வந்துவிடுவதால், பல சமயம் அன்றைக்கு அதுதான் குடிக்கச் சுகமாக இருக்கும், பெரிய வருடங்கள் இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அடுத்தடுத்த வருடமாக எடுப்பதா, இடைவெளி விடுவதா என்று கேட்பார்கள். ஐந்து பாட்டில் என்றால் இரண்டையும் கலக்கலாம்: 2009, 2010 போல ஒட்டிய இரண்டு வருடம், அவற்றுக்கிடையே வயது வித்தியாசம் அதிகம் இல்லாததால் தெரிவதெல்லாம் வானிலை. மற்ற மூன்றையும் தள்ளித் தள்ளி எடுங்கள். ஐந்துக்கு மேல் போகாதீர்கள், ஏழாவது கிளாசில் யாருடைய மூக்கும் வேலை செய்யாது.

வாங்குவதில்தான் பாதி வெற்றி. கூடுமானவரை எல்லாப் பாட்டிலையும் ஒரே இடத்திலிருந்து வாங்குங்கள், குளிரூட்டிய கிடங்கு வைத்திருக்கும் இறக்குமதியாளரிடம் என்றால் உத்தமம். ஐந்தும் ஒரே கிடங்கில் சேர்ந்து கிடந்திருந்தால் மூன்றாவது காரணம் பெரும்பாலும் கழன்றுவிடும். ஒன்று லங்காவியில் வாங்கியது, ஒன்று விமான நிலையத்தில், ஒன்று மாமா தீபாவளிக்குக் கொடுத்து டிவி ஸ்டாண்டுக்குள் கிடந்தது என்று சேர்த்தால் குடிக்கலாம், ஒப்பிட முடியாது. கடையில் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒயின் கழுத்து வரை நிற்கிறதா, மூடித் தாளுக்கு அடியில் பிசுபிசுவென்று கசிந்த தடம் உண்டா, கார்க் மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா. கார்க் துருத்தினால் வெயில் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒயின் சூட்டில் விரிந்து தள்ளியிருக்கும். இன்னொன்று, சில வருடம் கார்க், சில வருடம் திருகு மூடி என்று கலக்காதீர்கள். திருகு மூடியில் ஒயின் மெதுவாகத்தான் மூப்படையும், கணக்கு தப்பும்.

வாங்கிய நாளிலிருந்து திறக்கும் நாள்வரை எங்கே வைப்பது? 12, 13 டிகிரியில் இருட்டில் படுக்கவைப்பதுதான் முறை. ஒயின் ஃபிரிட்ஜ் வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசர் வைத்ததாக வாங்குங்கள், சின்னதாக மலிவாக வருகிற தெர்மோ எலக்ட்ரிக் பெட்டி நம் அடுப்படிச் சூட்டில் திணறும். அதெல்லாம் இல்லையா, சில வாரங்களுக்குச் சாதாரண ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டே போதும். சம்பல், பெலாச்சான் டப்பாக்களை மட்டும் இறுக்கி மூடிவிடுங்கள்.

ருசிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாப் பாட்டிலையும் நிமிர்த்தி வையுங்கள், அடியில் வண்டல் இறங்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் ஊற்று என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அந்த அறை இங்கே இல்லை. நமக்கு 16லிருந்து 18 டிகிரி வேண்டும். ஒயின் ஃபிரிட்ஜில் இருந்ததென்றால் எடுத்துவைத்து அரை மணி, சாதாரண ஃபிரிட்ஜ் என்றால் முக்கால் மணி, ஒரு மணி. வெளியே கிடந்த பாட்டிலை மாறாக ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் நிமிர்ந்தபடியே வையுங்கள். ஏர்கோனை நன்றாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிய கிளாஸ் இருபது நிமிடத்தில் சூடேறி ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

பதினைந்து வருடம் தாண்டிய கார்க் பொடியும். சாதாரணத் திருகாணி பாதியில் பிய்த்துக்கொண்டு வரும், அதற்கு இரண்டு தகடு வைத்த திறப்பான் இருக்கிறது, ஆசோ என்பார்கள், இரண்டு பக்கமும் மெல்ல இறக்கித் திருகி இழுக்க வேண்டும். வண்டல் இருக்கிற பாட்டிலை ஜாடிக்கு மாற்றும்போது கழுத்துக்கு அடியில் கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்து, ஒரே சாய்வில், நிறுத்தாமல் ஊற்றுங்கள், கலங்கல் கழுத்துக்கு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். இளசை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே ஜாடிக்கு மாற்றிக் காற்றாட விடலாம். கிழடை அப்படி விடக்கூடாது, அதன் மணம் அரை மணியில் ஓடிவிடும், ருசிக்கும் நேரத்தில் மாற்றினால் போதும்.

ஆறு பேருக்கு ஐந்து ஒயின் என்றால் முப்பது கிளாஸ். ஆளுக்கு ஐந்து கொண்டுவரச் சொல்லுங்கள், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் நல்லது. வெறும் கிளாசை முதலில் முகர்ந்து பாருங்கள், அலமாரி வாடையும் சோப்பு வாடையும் நிறைய ஒயினைக் கெடுத்திருக்கின்றன. அன்றைக்குச் சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம், சென்ட் வேண்டாம், மல்லிகைச் சரத்துக்கும் ஒரு நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

ஒரு ஆளுக்கு ஒரு கிளாசில் 60 மில்லி. 750 மில்லி பாட்டிலில் ஆறு பேருக்கு ஊற்றிய பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சும், அது சாப்பாட்டுக்கு. இளசிலிருந்து கிழடுக்கா, கிழடிலிருந்து இளசுக்கா என்பதில் சண்டை ஓயாது. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட நோஞ்சான் ஒன்று இருந்தால் அதை முதலில் வையுங்கள், இளசின் துவர்ப்புக்குப் பிறகு அது ஒன்றுமே இல்லாத மாதிரித் தெரியும். மற்றபடி இளசிலிருந்து தொடங்குவதுதான் என் கட்சி, மாற்றம் ஒவ்வொரு படியாகத் தெரியும். ஐந்தையும் ஒன்றாக ஊற்றி வைத்துவிட்டு முன்னும் பின்னும் போய்வாருங்கள். இரண்டாவது தடவை செய்யும்போது பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, எண் போட்டு, எது எந்த வருடம் என்று தெரியாமல் ருசித்துப் பாருங்கள். முதல் தடவையே அப்படிச் செய்தால் எல்லாரும் ஊகிப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

இப்போது கிளாஸ். முதலில் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கிளாசை அதன் மேல் சாய்த்து, ஒயின் விளிம்பு மெலிகிற இடத்தைப் பாருங்கள். விளக்கு மஞ்சளாக இருந்தால் வெள்ளையாக மாற்றுங்கள், மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே கிழடாகத் தெரியும். இளசு விளிம்பு வரை ஊதா. சில வருடம் போனால் ஊதா கழிந்து மாணிக்கச் சிவப்பு, அப்புறம் விளிம்பில் செங்கல் நிறம், கடைசியில் பழுப்பு. ஆந்தோசயனின் என்கிற நிறச்சத்து துவர்ப்புச் சத்தான டானினோடு சேர்ந்து சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி கனம் தாங்காமல் வண்டலாக இறங்கிவிடுகிறது, அதுதான் நிறம் வெளுக்கவும் துவர்ப்பு தணியவும் ஒரு காரணம். ஐந்து கிளாசையும் வரிசையாகச் சாய்த்துப் பாருங்கள், இந்தப் படிக்கட்டு அப்படியே தெரிய வேண்டும். நடுவில் ஒன்று தன்னைவிட மூத்ததைக் காட்டிலும் பழுப்பாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், சந்தேகம் அதன் மேல்.

பிறகு முகருங்கள். கிளாசை ஆட்டாமல் ஒரு தடவை, சுழற்றிவிட்டு ஒரு தடவை. இளசில் பழம்தான் முன்னால் வரும், நாவல்பழம், கறுப்புத் திராட்சை, மரப்பீப்பாயின் வெனிலா, கிராம்பு. நடு வயதில் பழம் காய்ந்து உலர்திராட்சை, அசாம்போய் என்கிற உப்புப் போட்டு உலர்த்திய பழம், அந்தப் பக்கம் போகும், கூடவே புகையிலை, தோல் செருப்பு, கோப்பித் தூள். மூத்ததில் மழைக்குப் பிந்திய மண், சீனக்கடையில் விற்கிற உலர்காளானை ஊறவைத்த தண்ணீர். புத்தகத்தில் இருக்கிற பெயரைத் தேடாதீர்கள், உங்கள் மூக்குக்குத் தெரிந்த சாமான் எதுவோ அதை எழுதுங்கள். நாலைந்திலிருந்து எட்டு வயதுக்குள் சில ஒயின்கள் வாயே திறக்காது, பழமும் இருக்காது, முதுமை மணமும் வந்திருக்காது. கெட்டுப்போனதில்லை, மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போங்கள்.

வாயில் ஒரு மிடறு எடுத்து பத்து விநாடி உருட்டி, மூன்றை மட்டும் கவனியுங்கள். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, ஈறு முழுக்கவா, நாக்கு நடுவிலா, பச்சைப் பாக்கு கடித்த மாதிரி சொரசொரப்பாகவா, பட்டாகவா. புளிப்பு எச்சிலை ஊறவைக்கிறதா. துப்பிய பிறகு ருசி எத்தனை விநாடி நிற்கிறது. வயது துவர்ப்பைத்தான் மழுக்கும், புளிப்பைப் பெரிதாகத் தொடாது. அதனால் மூத்த ஒயின் புளிப்பாக மட்டும் தெரிந்தால் பழம் முன்னாலேயே செத்துவிட்டது என்று அர்த்தம். வானிலை என்றால் வேறு மாதிரி: குளிர் வருடத்தில் பச்சைக் குடைமிளகாய் வாடை, மெலிந்த நடுப்பகுதி. வெயில் வருடத்தில் ஜாம், தொண்டையில் சூடு. ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க்கிலிருந்து ஒயினுக்குத் தொற்றுகிற கார்க் நோய், வயதோ வருடமோ காரணமில்லை. வெந்த பழமும் கருகிய சர்க்கரையும் அடித்து, மூக்கில் உயிரே இல்லையென்றால் அது நம் ஊர்ச் சூடு. ஒவ்வொரு கிளாசுக்கும் மார்க் போடாமல், வயது, வானிலை, பாட்டில் கிடந்த இடம் என்கிற மூன்றில் எது காரணம் என்று ஒரு வரி எழுதுங்கள் போதும்.

துப்புங்கள், வெட்கப்படாதீர்கள். வீட்டில் தாத்தா காலத்து எச்சில் படிக்கம் இருந்தால் அதற்கு மறுபடி வேலை வந்துவிட்டது. இல்லாவிட்டால் ஆளுக்கொரு காகிதக் குவளை. துப்பாமல் ஐந்தையும் குடித்தால் 300 மில்லி, சாப்பாட்டோடு இன்னும் ஏறும், 2020இலிருந்து இங்கே வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான், முன்பிருந்த 80 இல்லை. துப்பினாலும் துப்பாவிட்டாலும் எல்லாரும் கிராப் வாடகைக் காரில் வரட்டும், கிராப்பில் போகட்டும்.

ருசிக்கும்போது உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டும். முறுக்கு, காரக்கடலை வந்தால் ஆட்டம் முடிந்தது, மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் இரண்டு மடங்காக்கிக் காட்டும். எல்லாம் எழுதி முடித்த பிறகு சாப்பாடு: ஆட்டிறைச்சியை மிளகில் வரட்டுங்கள், மிளகாயைக் குறையுங்கள், இளசுகளுக்கு அது பொருந்தும், கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். மூத்த பாட்டிலை இதோடு சேர்க்காதீர்கள், காளான் போட்ட ஒரு சாதம், இல்லையென்றால் வெறும் ரொட்டி.

மிச்சம் இருப்பதைச் சின்னப் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூத்தவை அன்றைக்கே தீரட்டும், அவை காலைவரை தாங்காது. இளசுகளை அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி ஊற்றிப் பார்த்தால், நேற்று முறைத்துக்கொண்டிருந்தது இன்று கொஞ்சம் இளகியிருக்கும். அப்படி இளகிய வருடத்தில் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கிப் படுக்கவைக்கலாம், ஒரே நாளில் தட்டையாகிப்போனதை இப்போதே குடித்துத் தீர்த்துவிடலாம்.