வாடகை வராமல் நின்றுவிட்டால்

கெடு தாண்டி ஒரு வாரத்துக்குள் குடியிருப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று மாதவாரியாக எழுதி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சை நிரூபிப்பது மிகவும் கஷ்டம்.

பாதிப் பணம் தந்தால், ரசீதில் ‘இன்ன மாத வாடகையில் ஒரு பகுதி, மீதி இவ்வளவு’ என்று தெளிவாகக் குறியுங்கள். வெறும் ‘வாடகை பெற்றுக்கொண்டேன்’ என்றால் கணக்குத் தீர்ந்ததென்று வாதிடலாம். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போன பிறகு பணம் வந்தால், வாங்குமுன் வக்கீலிடம் கேட்பது நல்லது. வாங்கிவிட்டால் சில சமயம் நோட்டீஸே பலவீனப்படும்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடைசியில் உடைசலுக்கும் கரண்ட் பாக்கிக்கும் கையில் எதுவும் மிஞ்சாது.

எவ்வளவு கோபம் வந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்கவோ பூட்டை மாற்றவோ வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள்மேல் திரும்பக்கூடும்.