மும்பை ஈரக்காற்றில் மரவேலைக்கு ஸ்க்ரூ வாங்குவதும் முடுக்குவதும்

நாக்தேவி தெருவிலோ தாராவியின் 90 அடிச் சாலையிலோ உள்ள ஹார்டுவேர் கடைக்குப் போய் ‘ஒன்றரை அங்குல ஸ்க்ரூ ஒரு பெட்டி’ என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். அவர்மீது குற்றமில்லை, நீளம், தடிமன், தலையின் வடிவம், உலோகம் ஆகிய நான்கில் நாம் சொன்னது நீளம் ஒன்றைத்தான். பெட்டியின்மேல் 35×8 என்று அச்சிட்டிருந்தால் 35 என்பது மில்லிமீட்டரில் நீளம், 8 என்பது தடிமன் எண். சில பெட்டிகளில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். 6ஆம் எண் ஸ்க்ரூ ஏறக்குறைய 3.5 மி.மீ. தடிமன் கொண்டது, 8ஆம் எண் 4.2, 10ஆம் எண் 4.8. வீட்டு மரவேலையில் பெரும்பகுதியை 6, 8 ஆகிய இரண்டு எண்களே முடித்துவிடும். கட்டில் சட்டம், கனமான அலமாரி போன்றவற்றுக்கு மட்டும் 10ஆம் எண் தேவைப்படலாம்.

இந்த ஊரில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது உலோகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் ஈரமும், ஆண்டு முழுவதும் வீசும் உப்புக்காற்றும் இரும்பை விட்டுவைப்பதில்லை. ஆனாலும், சமையலறை அலமாரிக்கென்று தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 பிளைவுட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பலர், அதை இணைக்கத் தச்சர் கொண்டுவரும் ‘காலா ஸ்க்ரூ’வைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தக் கறுப்பு ஸ்க்ரூ ஜிப்சம் பலகையைத் தகரச் சட்டத்தில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டது. கூர்மையாக இருப்பதாலும் விலை மலிவு என்பதாலும் மரவேலைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதன் எஃகு கடினமானது, ஆனால் வளையாது. பாரம் பக்கவாட்டில் விழும்போது கழுத்தில் முறிந்துபோகும். அதன் மேற்பூச்சும் ஈரத்தை நெடுநாள் தாங்காது. தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம். பாரம் தாங்கும் இடத்திலும், தொட்டிக்கு அடியிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் அதை விலக்குவதே நல்லது.

வறண்டிருக்கும் உள்ளறை வேலைக்குத் துத்தநாகப் பூச்சுள்ள ஸ்க்ரூ போதும். சமையலறைக்கும் ஜன்னலோரத்துக்கும் 304 தர எவர்சில்வர் ஸ்க்ரூவும், மழைச்சாரல் படும் பால்கனிக்கும் கடலோரக் குடியிருப்புக்கும் முடிந்தால் 316 தரமும் பொருத்தமானவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 202 தரம் பார்வைக்கு அச்சாக 304 போலவே இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்துத் தரத்தைச் சொல்லும் வழக்கம் இங்கே உதவாது. ஏனெனில் இரண்டுமே காந்தத்தில் வலுவாக ஒட்டுவதில்லை. பெட்டியில் தரம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்வதே வழி. எவர்சில்வர் ஸ்க்ரூ சாதாரணக் கடின எஃகைவிட மென்மையானது என்பதால், வைரம் பாய்ந்த மரத்தில் துளையிடாமல் முடுக்கினால் தலை திருகிக் கழன்றுவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, மேற்பலகையைக் கடந்து அடிப்பலகைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. 18 மி.மீ. பிளைவுட்டை மற்றொன்றின் விளிம்பில் பொருத்த 50×8 நன்றாக அமையும், 32 மி.மீ. உள்ளே இறங்கிப் பிடிக்கும். அதே இரு பலகைகளை முகத்தோடு முகம் ஒட்டினால் மொத்தத் தடிமன் 36 மி.மீ. என்பதால் 30 மி.மீ. ஸ்க்ரூவே பாதுகாப்பானது, 35 போட்டுத் தலையைச் சற்று அழுத்தினால் முனை மறுபக்க லேமினேட்டில் கொப்புளமாகத் தெரியும். அலமாரிக் கதவின் கீல்களுக்கு 16×6 போதுமானது. பலகையின் மேல்மட்டத்தோடு சமமாகப் படிய வேண்டிய இடத்தில் சாய்வுத் தலையும், டிராயர் சானல் போன்ற தட்டையான உலோகத்தைப் பிடிக்கும் இடத்தில் அடிப்பக்கம் தட்டையான பான் தலையும் தேவை. சாய்வுத் தலை ஸ்க்ரூவைச் சானலில் போட்டால் தலை முழுதாக அமராமல் டிராயர் உரசும்.

இனி, ஒரு மூட்டு நிற்குமா ஆடுமா என்பதைத் தீர்மானிக்கும் துளை. அவசரத்தில் பலரும் தவிர்ப்பதும் இதைத்தான். மேற்பலகையில் ஸ்க்ரூ தடையின்றி நுழையும் அகலத் துளை ஒன்றும், அடிப்பலகையில் மரை மட்டும் கடிக்கும்படி ஒடுங்கிய முன்துளை ஒன்றும் வேண்டும். அகலத் துளை இல்லையென்றால் மரை இரு பலகைகளையும் ஒருசேரக் கடித்து, இடையில் இருக்கும் சிறு இடைவெளியை அப்படியே நிலைப்படுத்திவிடும்; அதன்பின் எவ்வளவு முடுக்கினாலும் பலகைகள் நெருங்கா. 8ஆம் எண்ணுக்கு மேற்பலகையில் 4.5 மி.மீ., அடிப்பலகையில் தேக்கு போன்ற கெட்டி மரமானால் 3 மி.மீ., மென்மரமானால் 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 6ஆம் எண்ணுக்கு இவை முறையே 4, 2.5, 2 மி.மீ. ஆகும். எண் நினைவில்லாதபோது ட்ரில் பிட்டை ஸ்க்ரூவின் முன்னால் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: ஸ்க்ரூவின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் முழுதும் மறைந்து, இரு பக்கமும் மரையின் பற்கள் மட்டும் எட்டிப் பார்த்தால் அந்தப் பிட் சரியானது, தண்டும் தெரிந்தால் பிட் சிறியது, பற்களே மறைந்துவிட்டால் பெரியது.

பிளைவுட்டின் விளிம்பில் முடுக்கும்போது ஸ்க்ரூ அடுக்குகளுக்கு இணையாகச் செல்வதால், முன்துளை இல்லாவிட்டால் அது ஆப்பாக மாறி அடுக்குகளைப் பிளக்கும். பலகையின் முனையிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, விளிம்பின் சரிநடுவில் துளையிட வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையும் இப்படியே பிளக்கும். அதில் முன்துளையின் ஆழம் ஸ்க்ரூவின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக இருப்பது நல்லது. மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டின் விளிம்பை நம்பி எதையும் தொங்கவிடக் கூடாது.

முழுத் தேக்குப் பலகையில் வேறொரு கவனம் தேவை. மழைக்காலத்தில் மரம் இழைக்குக் குறுக்கே விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு. மேசையின் மேற்பலகையைச் சட்டத்தோடு இறுகப் பூட்டினால், ஒன்றிரண்டு பருவங்களில் அது வெடிக்கவோ வளையவோ செய்யும். சட்டத்தில் இடும் துளைகளை, மரம் விரியும் திசையில் நீள்வட்டமாக்கி, வாஷர் வைத்துப் பான் தலை ஸ்க்ரூவால் பிடித்தால், பலகை நகர இடம் கிடைக்கும்.

கெட்டி மரத்தில் முடுக்குமுன் மரையின்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் ஸ்க்ரூ எளிதில் இறங்கும். சோப்பைத் தேய்க்கும் பழக்கமும் உண்டு. ஆனால் சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவுக்கு வழிவிடும். பூஜை அலமாரிக்குப் பித்தளை ஸ்க்ரூ போட விரும்புவோர், அதே அளவுள்ள இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி, மரையை வெட்டவைத்து, பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைக் கையால் முடுக்குவது உத்தமம். நேரடியாகப் போட்டால் பித்தளையின் தலை கையோடு வந்துவிடும்.

பேட்டரி ட்ரில்லில் முடுக்கும்போது, முடுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் கழுத்து வளையத்தின் எண்ணைக் குறைவாக வைத்துத் தொடங்கி, தலை சரியாக அமரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். 6 முதல் 10 வரையிலான எண்களில் பிளஸ் தலைக்கு பிஎச்2 பிட் பொருந்தும். நுனி தேய்ந்த பிட்டைத் தூக்கி எறிவதில் கஞ்சத்தனம் கூடாது. தலைகளைச் சிதைப்பதில் பெரும்பங்கு அதற்கு உண்டு.

கீலின் ஸ்க்ரூ துளைக்குள் சும்மா சுழன்றால், மூங்கில் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நெருக்கமாகச் செருகி, ஓர் இரவு காயவிட்டு, மட்டமாக வெட்டிப் புதிதாக முன்துளை இட வேண்டும். பாரமான கதவானால் 8 மி.மீ. துளையிட்டுத் தேக்குக் குச்சியை ஒட்டி, அதில் ஸ்க்ரூவைப் போடுவதே நிற்கும். துருப்பிடித்து அசையாத ஸ்க்ரூவின் தலைக்குழியை முதலில் சுத்தம் செய்து, சால்டரிங் அயர்னின் முனையைத் தலையில் வைத்துச் சூடேற்றி, ஆறியபின் சற்றே முடுக்கும் திசையில் அசைத்துவிட்டுத் திருப்புளியை நன்றாக அழுத்திக் கழற்ற வேண்டும். தலை முற்றிலும் சிதைந்திருந்தால், தண்டைவிடச் சற்றுப் பெரிய பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்து, மேற்பலகையைத் தூக்கிவிட்டு, எஞ்சி நிற்கும் தண்டைக் குறடால் பிடித்துத் திருகலாம்.