கொழும்பு ஹொஸ்டலில் தங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வந்தால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் உறவினர் வீட்டில் தங்குவது நம் வழக்கம். இப்போது விசா நேர்முகத்துக்கும் பயிற்சி வகுப்புக்கும் வரும் இளையவர்கள் சிலர், பயணிகள் பலர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஹொஸ்டலில் ஒரு கட்டிலை மட்டும் எடுத்துத் தங்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. விமானம் ஏறாமலே பல தேசத்து மனிதர்களோடு பழகலாம். அந்த வாய்ப்பைத்தான் சில தவறுகளால் கெடுத்துக்கொள்கிறோம்.

முன்பதிவின்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். சில ஹொஸ்டல்களில் உள்நாட்டு அடையாள அட்டை உள்ளவர்களுக்குக் கட்டில் கொடுப்பதில்லை. சொந்த நாட்டில் இப்படியொரு விதி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் கையும் பையுமாக வாசலில் நின்று வாதாடும் நிலை வராதிருக்க, பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் விடியுமுன் இறங்கிவிடுவார்கள். கட்டில் கிடைப்பதோ பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். அதுவரை பையை வைக்கவும் குளிக்கவும் இடம் தருவார்களா என்று விசாரித்து வையுங்கள்.

லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. ஓர் ஆமைப்பூட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதிகாலை ரயிலுக்குப் போகிறவர்கள் முதல் நாள் மாலையே பையை அடுக்கிவிட வேண்டும். நான்கு மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரக்க வைத்தால் அறை முழுவதும் விழித்துக்கொள்ளும். வீட்டாரோடு வீடியோவில் பேசுவதற்கு வெளியே போய்விடுங்கள்.

பெரிய தவறு, கட்டிலிலேயே படுத்துத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது. 1912இல் ஜெர்மனியின் அல்தேனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் திறந்த இளைஞர் விடுதி, நடந்தே ஊர் சுற்றும் மாணவர்களுக்கானது. அன்று முதல் இத்தகைய இடங்களில் சமையலறையும் பொதுக்கூடமும்தான் உயிர். ஒரு கோப்பைத் தேநீரோடு அங்கே போய் உட்காருங்கள்.

ஆனால், உட்கார்ந்ததும் விசாரணையைத் தொடங்கிவிடாதீர்கள். கலியாணம் முடிந்ததா, என்ன சம்பளம், ஏன் தனியாக வந்தீர்கள் என்பவை நமக்கு அக்கறையான கேள்விகள். வந்தவருக்கு அவை பாரம். இன்று எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று தொடங்கினால் பேச்சு தானாக நீளும்.

நீங்கள் தமிழர் என்று தெரிந்ததும் போரைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே நம்மில் பலர் இரண்டில் ஒரு பக்கம் சறுக்குகிறார்கள்: ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றுவார்கள், அல்லது 1983 முதல் 2009 வரை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லித் தீர்ப்பார்கள். உங்கள் வீட்டுக்கு நடந்ததை, சொல்ல விருப்பமிருந்தால், அளவோடு சொல்லுங்கள். விருப்பமில்லையென்றால் அதையும் நேராகச் சொல்லலாம். நல்ல பயணி புரிந்துகொள்வார். யாழ்ப்பாணம் போகலாமா என்று தயங்குகிறவருக்கு, 1990இல் நின்றுபோன ரயில் 2014இல் மீண்டும் அங்கே போய்ச் சேர்ந்ததையும், கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்கும் முறையையும் சொல்லுங்கள். அவருக்கு உடனே தேவையானது அதுதான்.

காலிமுகத்திடலுக்கு இறால் வடை சாப்பிடக் கூட்டிப்போனால், எல்லோருக்கும் நீங்களே பணம் கொடுக்க வேண்டாம். நம் விருந்தோம்பல் அவர்களைக் கடன்பட்டவர்களாக உணரச் செய்யும். அடுத்த முறை வரத் தயங்குவார்கள். வாங்குமுன், இறால் ஒவ்வாதவர் யாரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்த படத்தை முகநூலில் போடுவதற்கு முன்பு படத்தில் உள்ளவர்களின் சம்மதத்தையும் கேளுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் மது விற்பனை கிடையாது என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பலருக்கு அது தெரியாது.