கையெழுத்துப் போடுமுன் லீவைக் கேளுங்கள்

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நான் பாளையங்கோட்டை வந்து இறங்கிய செய்தி எப்படியோ பரவிவிடும். பி.எட். முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது வெளிநாட்டுப் பள்ளி வேலை உத்தரவோடு வீட்டுக்கு வருவார்கள். "அக்கா, இந்தச் சம்பளத்துக்குப் போகலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. லீவு எத்தனை நாள் என்று இதுவரை ஒருவரும் முதலில் கேட்டதில்லை. நானும் கேட்காமல்தான் போனேன். மாலத்தீவில் இரண்டு வருடம், அமீரகத்தில் ஒன்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியதில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. ஆறு மாதம் தாண்டி வருடம் முடியாதவருக்கு மாதத்துக்கு 2 நாள். ஆனால் அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி, ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் வெயிலுக்கு மூடிக் கிடக்கும். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு ஜூலையில் மூன்று மாதச் சர்வீஸ்தானே ஆகியிருக்கும்? அந்த இரண்டு மாதச் சம்பளம் முழுதாக வருமா, பாதியா, ஒன்றுமே இல்லையா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பொறுத்தது. என் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. முதல் வருடம் ஆகஸ்ட் சம்பளம் வரவில்லை. அறை வாடகை மட்டும் தவறாமல் வந்து நின்றது. ஆகவே "முதல் வருடக் கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நேர்காணலில் வாயால் சொன்ன வாக்கு பணம் போடும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொன்றையும் கேளுங்கள். விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளோ, பள்ளி திறக்கும் நாளோ வராவிட்டால் நடுவிலுள்ள விடுமுறை முழுவதையும் சம்பளமில்லா விடுப்பாகக் கணக்கிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. டிக்கெட் விலை குறைவு என்று ஒருநாள் முன்னால் கிளம்பி, ஒரு மாதச் சம்பளத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் திறப்பு நாளில் வருவார்கள்; ஆசிரியர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போயாக வேண்டும். உங்கள் விடுமுறை அந்த முந்தைய நாளோடு முடிகிறது.

அவசர விடுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் ஒரு புதன்கிழமை இரவு தம்பி போன் செய்தான். "அப்பா போயிட்டாங்க" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில், வள்ளியூர் வழியாகக் காரில் வந்தேன். நாங்குநேரி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோதும் தம்பிதான் கூப்பிட்டான். "எங்கே இருக்கிறாய், எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள்" என்றான். முகத்தைப் பார்த்துவிட்டேன். ஆனால் அமீரகத்தில் தாய் தந்தை இறந்தால் சட்டம் கொடுப்பது 3 நாள். கணவனோ மனைவியோ என்றால் 5 நாள். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்கிறேன் என்று கேட்டேன். தேர்வு நேரம் என்று மறுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காலையில் ஆசிரியர் அறையில், ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுக் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, அப்பா படத்துக்கு மாலை போடுவதைப் பார்த்தேன். தம்பி போனைத் திருப்பி அம்மாவைக் காட்டும்போது மணி அடித்துவிட்டது. எழுந்து வகுப்புக்குப் போனேன்.

சேரும்போதே கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று நிச்சயமாக நம்புகிறேன். பின்னால் சேர்ந்த ஒரு தங்கை என் பேச்சைக் கேட்டு, அவசரத்துக்கு ஆண்டு விடுப்பிலிருந்து 15 நாள் முன்கூட்டியே எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாள். நிர்வாகம் மறுக்கவில்லை. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்வதைச் சட்டமே தடுக்கிறது. இரவில், வார விடுமுறையில் யாரிடம் அனுமதி கேட்பது என்பதை எண்ணோடு எழுதி வையுங்கள். ஒரு டிக்கெட்டுக்கான பணம் கணக்கில் எப்போதும் தொடாமல் கிடக்க வேண்டும்.

மாலத்தீவு இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கமுள்ள நாடு. 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில், ஆண்டு விடுப்பு 30 நாள் போக, வீட்டில் நோய் போன்ற காரியங்களைக் கவனிக்கத் தனியாக 10 நாள் சம்பளத்தோடு உண்டு. ஆனால் தொலைதூரத் தீவில் வேலை என்றால் தலைநகர் மாலே வந்து சேரவே ஒரு நாள் போய்விடும். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை. போக ஒன்று, வர ஒன்று என்று கழித்துவிட்டே நாள்களை எண்ணுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு: அமீரகத்தில் பேறுகால விடுப்பு 60 நாள், 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. தகுதிகாண் காலத்தில் (புரொபேஷன்) நோய் விடுப்புக்குச் சம்பளம் கிடையாது.

பள்ளி நாள்காட்டி கைக்கு வந்ததும் நான் அதை ஊர் காலண்டர் பக்கத்தில் தரையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவேன். செம்மணல் தேரிக்காட்டுக்குள் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போக வேண்டும். வருடத் தேர்வு முடிந்து புது வகுப்பு தொடங்குமுன் மார்ச் கடைசியில் கிடைக்கும் சிறு இடைவெளிதான் அதற்கு வழி. 2024இல் உத்திரம் மார்ச் 25. வந்து பொங்கல் வைத்தேன். 2025இல் ஏப்ரல் 11. புது வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது. பொங்கலுக்கும் விடுமுறையை எதிர்பார்க்காதீர்கள். ரம்ஜான், பக்ரீத் பெருநாள் விடுமுறை பிறை பார்த்துத்தான் உறுதியாகும், வருடா வருடம் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். அதை நம்பி, பணம் திரும்பாத டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்.

ஜூன் கடைசியில் திருவனந்தபுரம் விமானக் கட்டணம் மலை ஏறிவிடும், ஆகஸ்ட் கடைசியில் திரும்பும் கட்டணமும் அப்படியே. பள்ளி டிக்கெட் தருவதாகச் சொன்னால், வருடத்துக்கு ஒன்றா, இரண்டு வருடத்துக்கு ஒன்றா, ரொக்கமா என்று கேளுங்கள். ரொக்கம் என்றால் பிப்ரவரியிலேயே எடுத்துவிடுவது நல்லது. மதுரை வரும் விமானக் கட்டணத்தையும் பாருங்கள்.

திரும்பும் தேதியை நான் ஆடி அமாவாசைக்குப் பிறகே வைக்கிறேன். 2024இல் அது ஆகஸ்ட் 4, 2025இல் ஜூலை 24. இரண்டும் கோடை விடுமுறைக்குள் வந்தன. அன்று பாபநாசம் படித்துறையில் கூட்டம் நெரியும். தம்பி ஆற்றில் இறங்கி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவான். நான் அவன் சட்டையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு மேல்படியில் நிற்பேன்.