சிறிய ராக்கெட்டின் சோதனைப் பயணம்: என்ஜினை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த முறை என்ஜின் மாறப்போகிறது என்று தெரிந்தே, பழைய என்ஜினோடு ராக்கெட்டைச் சோதித்துப் பார்ப்பது உண்டு. அதில் எங்கே சறுக்கும் என்பதற்கு ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 நல்ல பாடம்.

2007 மார்ச்சில் மார்ஷல் தீவுகளின் ஓமெலெக் தீவிலிருந்து இரண்டாவது ஃபால்கன் 1 கிளம்பியது. அதிலிருந்தது மெர்லின் 1ஏ என்ஜின். அதன் உட்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிந்து உதிர்ந்து வெப்பத்தைத் தாங்கும். அடுத்து வரவிருந்த 1சி, சுவருக்குள் எரிபொருளையே ஓடவிட்டுக் குளிர்ந்துகொள்ளும் வகை.

ராக்கெட் சுமார் 290 கி.மீ. உயரம் போனது, சுற்றுப்பாதையை எட்டவில்லை. தோல்வி என்று அதோடு விஷயத்தை முடித்துக்கொள்வது முதல் தவறு. முதல் அடுக்கு (முதலில் எரிந்து கழலும் கீழ்ப்பகுதி) முழுசாக எரிந்தது, அடுக்குகள் பிரிந்தன, மேலடுக்கு பற்றிக்கொண்டது. இதையெல்லாம் பறந்து பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். கெடுத்தது மேலடுக்குத் தொட்டியில் தளும்பிய திரவ ஆக்சிஜன். தளும்பலைத் தணிக்கும் தடுப்புத் தகடுகளை அந்தத் தொட்டியில் வைக்கவில்லை. கணக்கில் ஆபத்து சிறியதாகத் தெரிந்தது. சின்ன ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவும் முக்கியம், சரி. ஆனால் சோதனைப் பயணத்தில் அந்த எடையை மிச்சம் பிடித்து என்ன லாபம்?

இதைவிடப் பெரிய தவறு, பழைய என்ஜினோடு தேறியதெல்லாம் புதியதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது. 2008 ஆகஸ்டில் 1சி என்ஜினோடு மூன்றாவது ராக்கெட் பறந்தது. முதல் அடுக்கு நன்றாகவே எரிந்து அணைந்தது. ஒன்றரை விநாடி கழித்து அடுக்குகள் பிரிந்தன. ஆனால் குளிர்விக்கும் குழாய்களில் மிச்சமிருந்த எரிபொருளால், அணைந்த பிறகும் என்ஜின் லேசாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கழன்ற அடுக்கு பின்னாலேயே வந்து மேலடுக்கில் முட்டியது. செயற்கைக்கோள்கள் எல்லாம் போயின.

தரைச் சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? எரி அறையில் மிஞ்சிய அழுத்தம் சுமார் 10 பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் ஓர் அளவு). கடல்மட்டக் காற்றழுத்தமே 14.7 பிஎஸ்ஐ. தரையில் அந்த உந்துவிசை வெளியே தெரியவே தெரியாது. வெற்றிடத்திலோ, காலியான அடுக்கைத் தள்ள அதுவே போதும். எனவே என்ஜினை மாற்றினால், அதை நம்பிப் போட்ட ஒவ்வொரு நேரக் கணக்கையும் வெற்றிடத்தை மனதில் வைத்து மறுபடி போட வேண்டும்.

பிரியும் அந்த ஒரு நொடியைக் குறைத்து எடைபோடவே கூடாது. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில், 2022 ஆகஸ்ட் 7 அன்று, இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த சிறு நேர அதிர்வால் முடுக்கமானிகள் (வேகம் மாறுவதை அளக்கும் கருவிகள்) எல்லாமே பழுது என்று கணினி முடிவு கட்டிவிட்டது. செயற்கைக்கோள்கள் நிலைக்காத பாதையில் விழுந்தன. பிரிக்கும் அமைப்பையும் கணினியின் தர்க்கத்தையும் திருத்தியபின், 2023 பிப்ரவரியில் அடுத்த பயணம் வென்றது.

அப்புறம் ஒன்று: தோற்ற பதற்றத்தில் கண்டதையும் மாற்றாதீர்கள். நாலு பாகத்தைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும், புதுக் கோளாறும் வந்து சேரும். ஃபால்கன் 1-இல் என்ஜின் அணைவதற்கும் அடுக்குகள் பிரிவதற்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான் கூட்டினார்கள். இரண்டு மாதத்துக்குள், செப்டம்பர் 28 அன்று, நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது.