ஒரு ஸ்ட்ரைக்கரின் கோல் கணக்கைத் தணிக்கை செய்வது எப்படி

கால்பந்தில் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட முன்கள வீரர்) ஒருவரை எடைபோடும்போது மொத்த கோல் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். நான் தணிக்கை வேலையில் இருப்பவன். கூட்டுத்தொகை சரியாக வருகிறது என்பதற்காக எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போட்டுவிட மாட்டோம். உள்ளே ஒவ்வொரு பதிவாகப் பிரித்துப் பார்ப்போம். கிளப் கோலையும் நாட்டுக்காக அடித்த கோலையும் ஒன்றாகக் கூட்டி, போனை நீட்டிச் சண்டைக்கு வரும் என் அக்கா மகனிடமும் இதைத்தான் சொல்கிறேன். அவனுக்குப் பாடம் எடுக்க நான் வைத்திருக்கும் ஆள், ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோஸே.

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் கிளப், வலது பக்கம் தேசிய அணி. கிளப் பக்கத்தில் லீக் ஆட்டங்களை மட்டும் எழுதுங்கள். கோப்பை ஆட்டங்களையும் ஐரோப்பியப் போட்டிகளையும் சேர்த்தால், சின்ன அணியில் ஆடியவருக்கும் பெரிய அணியில் ஆடியவருக்கும் கிடைத்த ஆட்டங்களின் எண்ணிக்கையே வேறாகிவிடும்.

க்ளோஸேவின் இடது பக்கம் இப்படி வரும்: கைசர்ஸ்லாட்டர்ன் 120 ஆட்டம் 44 கோல், வெர்டர் பிரேமன் 89 ஆட்டம் 53 கோல், பேயர்ன் மியூனிக் 98 ஆட்டம் 24 கோல், கடைசியாக இத்தாலியின் லாசியோ 139 ஆட்டம் 54 கோல். வலது பக்கம் ஒரே வரிதான்: 2001 முதல் 2014 வரை 137 ஆட்டம், 71 கோல்.

இப்போது வகுத்துப் பாருங்கள். பிரேமனில் ஐந்து ஆட்டத்துக்கு மூன்று கோல். அங்கிருந்து நாட்டின் பெரிய கிளப்பான பேயர்னுக்குப் போனதும் நான்கு ஆட்டத்துக்கு ஒன்று. இங்கே அவசரப்பட்டு ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். கூட ஆடியவர் யார் என்று பாருங்கள். பேயர்னில் முதல் சீசனில் பக்கத்தில் நின்றவர் லூகா டோனி. அந்த 2007–08 லீக்கில் 24 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் அவர்தான். க்ளோஸே 10 அடித்தார், பேயர்ன் பட்டம் வென்றது. பிரேமனிலோ பின்னாலிருந்து பந்தை ஊட்டிவிட ஜோஹான் மிக்கூ இருந்தார். 2005–06இல் க்ளோஸே 26 லீக் ஆட்டத்தில் 25 கோல் அடித்தது அந்த அணியில்தான்.

அடுத்த வேலைதான் எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கத்தையும் ஆண்டுவாரியாக எதிரெதிரே வையுங்கள். 2009–10 சீசன் முழுக்க ஜெர்மனியின் முதல்தர லீக்கான பண்டஸ்லிகாவில் க்ளோஸே அடித்தது 3 கோல். லூயி வான் கால் பயிற்சியாளராக இருந்த அந்த ஆண்டில் பாதி நேரம் பெஞ்சில் இருந்தார். சீசன் முடிந்ததும் தென்னாப்பிரிக்கா போய் உலகக் கோப்பையில் 4 கோல் அடித்தார். செர்பியாவுடன் சிவப்பு அட்டை வாங்கி ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தும் இந்தக் கணக்கு! கிளப் பக்கத்தை மட்டும் படித்தவர் அவரை அணியிலேயே சேர்த்திருக்க மாட்டார். அப்போதைய தேசிய அணிப் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் சேர்த்தார்.

அப்புறம் எதிரணி. நாட்டுக்காக அடிக்கும் கோலில் எப்போதும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். சுரண்டிப் பார்க்க வேண்டும். க்ளோஸேவிடமும் உண்டு. 2002இல் மட்டும் இஸ்ரேல், ஆஸ்திரியா, சவூதி அரேபியா என்று மூன்று ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்). முதல் இரண்டும் நட்பு ஆட்டங்கள். சவூதியை ஜெர்மனி 8–0 என்று வென்றது. அந்த உலகக் கோப்பையில் அவர் அடித்த ஐந்துமே குழுச் சுற்றில் வந்தவை, ஐந்துமே தலையால் முட்டியவை.

ஆகவே உலகக் கோப்பை கோல்களைச் சுற்றுவாரியாகப் பிரியுங்கள். க்ளோஸேவின் 16 கோலில் 11 குழுச் சுற்றில், 5 நாக்அவுட்டில், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகளில். நாக்அவுட்டில் 2002இல் ஒன்றுமில்லை. 2006இல் ஒன்று: பெர்லினில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 80ஆவது நிமிடம் ஆட்டத்தைச் சமன் செய்த ஹெடர். 2010இல் மூன்று: இங்கிலாந்துக்கு ஒன்று, அர்ஜென்டினாவுக்கு இரண்டு. 2014இல் ஒன்று: பிரேசிலை 7–1 என்று தூக்கியடித்த அரையிறுதி. வயது ஏற ஏற கடினமான ஆட்டங்களில் பங்கு கூடியிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. பதினாறில் ஒன்றுகூட பெனால்டி இல்லை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெனால்டியைத் தனியாகக் கழிக்காத எந்தப் பட்டியலையும் நான் நம்புவதில்லை.

தொடங்கிய வயதையும் எழுதுங்கள். போலந்தின் ஓபோலேயில் பிறந்து, எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்து, தச்சு வேலை பழகியவர் க்ளோஸே. பெரிய கிளப்புகளின் பயிற்சிப் பள்ளியில் (அகாடமி) வளர்ந்த பிள்ளை இல்லை. பண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 21. அடுத்த ஆண்டே அல்பேனியாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி வெற்றி கோலை அடித்துவிட்டார். பதினேழு வயதில் தொடங்கியவரோடு மொத்தத்தை ஒப்பிடுவது நியாயமா, சொல்லுங்கள்.

கணக்கில் ஏறாதவற்றுக்குப் பின்பக்கத்தில் இடம் விடுங்கள். 2012இல் நாப்போலிக்கு எதிராக லாசியோவுக்காக அடித்த ஒரு கோல், கையில் பட்டு உள்ளே போனது என்று க்ளோஸேவே நடுவரிடம் சொன்னதால் ரத்தானது. லாசியோ அந்த ஆட்டத்தில் 3–0 என்று தோற்றது. அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே வெறும் பூஜ்யம். 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் பூஜ்யம்தான்: 88ஆவது நிமிடத்தில் வெளியே வந்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய மரியோ கோட்ஸே கூடுதல் நேரத்தில் கோப்பையை வென்று தந்தார்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு மொத்தத்துக்கு வாருங்கள். ‘71 பெரிதா, கெர்ட் முல்லரின் 68 பெரிதா?’ என்று அக்கா மகன் கேட்பான். க்ளோஸேவுக்கு முந்தைய தலைமுறை ஜெர்மன் ஸ்ட்ரைக்கரான முல்லர் நாட்டுக்காக ஆடியது 62 ஆட்டம்தான். உலகக் கோப்பையில் 13 ஆட்டத்தில் 14 கோல். 1974 இறுதிப் போட்டியில் வெற்றி கோலை அடித்து, 28 வயதிலேயே தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார். கிளப் பக்கத்தில் பேயர்னுக்காக 427 லீக் ஆட்டத்தில் 365. என்னைக் கேட்டால் கோல் அடிப்பதில் முல்லருக்குக் கிட்டே யாரும் இல்லை. ஆனால் நான்கு உலகக் கோப்பைகளில் கோல் அடித்தது க்ளோஸே. இரண்டு பேருக்கும் இரண்டு தாள் போடுங்கள். ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிக்காதீர்கள்.