கேரவனோடு தெற்கே: ஜெர்மனியிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சாலைக் கட்டணமும் வழியும்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அது காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீடு. ஜெர்மனிக்கு வந்து இரண்டு மூன்று வருடம் போனதும், கோடை விடுமுறைக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து இத்தாலிக்கோ தெற்குப் பிரான்சுக்கோ போகலாமே என்று பல குடும்பங்களில் பேச்சு எழும். நல்ல யோசனை. பிள்ளைகளோடு போகும்போது சோறும் கறியும் நாமே ஆக்கிக்கொள்ளலாம், நினைத்த இடத்தில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம்.

ஆட்டோபானில் காருக்கும் கட்டணமில்லை, கேரவனுக்கும் கட்டணமில்லை என்பதால் ஜெர்மனியில் இருப்பவர்களுக்குச் சுங்கச்சாவடிப் பழக்கமே விட்டுப்போகிறது. எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொரு நாடும் வண்டியை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. பிரான்ஸ் உயரத்தைப் பார்க்கிறது. இத்தாலி சக்கர அச்சுகளை எண்ணுகிறது. சுவிட்சர்லாந்து கேரவனைத் தனி வண்டியாக வைத்துத் தனிக் கட்டணம் வாங்குகிறது. ஆஸ்திரியா காருக்கு மட்டும் வாங்கிக்கொண்டு கேரவனை விட்டுவிடுகிறது. உங்கள் வண்டி எந்த நாட்டில் எந்த வகுப்பு என்று தெரிந்த பிறகே வழியைத் தீர்மானியுங்கள்.

உரிமமும் எடையும்

இந்திய, இலங்கை உரிமத்தை வைத்து, ஜெர்மனியில் குடிபுகுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் ஓட்ட முடியும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்து ஜெர்மன் உரிமம் எடுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் பி வகுப்பு உரிமம் 750 கிலோ வரையான இழுவண்டிக்குப் போதும். அதைவிடக் கனமான கேரவன் என்றால், கார், கேரவன் இரண்டின் அனுமதிக்கப்பட்ட எடையும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. கணக்கில் வருவது அன்றைக்கு ஏற்றியிருக்கும் எடை அல்ல, பதிவுப் பத்திரத்தில் உள்ள எடை. 2,100 கிலோ கார், 1,500 கிலோ கேரவன் என்றால் 3,600 ஆகிவிடும், பி செல்லாது. பி96 என்ற ஒரு நாள் பயிற்சி எடுத்தால் 4,250 கிலோ வரை போகலாம், அதற்குத் தேர்வு இல்லை. அதற்கு மேல் பிஈ, அதற்கு ஓட்டுத் தேர்வு உண்டு. வாடகை நிறுவனம் சாவியைக் கொடுக்கும்போது இதைச் சரிபார்க்கும் என்று நம்பி இருக்காதீர்கள். விபத்து நடந்தால் கேள்வி ஓட்டுநரிடம்தான் வரும்.

ஏற்றும் சாமானையும் எடைபோடுங்கள். 10 கிலோ அரிசி மூட்டை, பிரஷர் குக்கர், எரிவாயு சிலிண்டர், கூடாரம், நிரப்பிய 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று சேர்த்தால் சின்னக் கேரவனின் சுமைவரம்பு சீக்கிரமே முடிந்துவிடும். தண்ணீரை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். கனமானவை அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் கேரவன் வேகத்தில் ஆடத் தொடங்கும்.

சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும்

சுவிஸ் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற சீட்டு வேண்டும். விலை 40 பிராங்க். முந்தைய ஆண்டு டிசம்பர் 1 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும். வாரச் சீட்டு, பத்து நாள் சீட்டு எதுவும் இல்லை. ஒரே ஒரு நாள் பாசலிலிருந்து கியாசோ வரை கடந்து போனாலும் இதே விலைதான். கேரவனுக்கு இன்னொன்று, ஆக 80 பிராங்க். காருக்கு ஒட்டிவிட்டுக் கேரவனை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், அதோடு சீட்டின் விலையும் கட்ட வேண்டும். மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் மோட்டார் வீட்டுக்கு (இழுக்கக் கார் தேவையில்லாமல் தானே ஓடும் வீட்டு வண்டி) விக்னெட் கிடையாது. அதற்குக் கனரக வாகனக் கட்டணம் தனியாக இருக்கிறது.

2023 ஆகஸ்ட் முதல் விக்னெட்டை மின்வடிவிலும் வாங்கலாம். அது கண்ணாடியோடு அல்ல, நம்பர் பிளேட்டோடு சேர்ந்தது. ஜெர்மனியில் கேரவனுக்குத் தனி நம்பர் பிளேட் என்பதால் அந்த எண்ணைக் கொடுத்துத் தனியாக வாங்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்து, தவறான நாடு, விடுபட்ட உம்லவுட் புள்ளிகள் என்று இவற்றில் எது பிசகினாலும் காசு கட்டியும் சீட்டு இல்லாத நிலைதான். சுவிஸ் சுங்கத் துறையின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடும்போது முதலில் வரும் விளம்பரத் தளங்களில் பல, இடைத்தரகுக் கட்டணம் வைத்து விற்பவை. வாடகைக் கேரவனுக்கு ஏற்கெனவே விக்னெட் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்கினால் 40 பிராங்க் மிச்சம்.

நம்மவர்கள் கவனிக்க இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் ஆளுக்கு 1 கிலோ இறைச்சிதான் வரியில்லாமல் கொண்டுபோகலாம். கேரவன் குளிர்பெட்டியில் ஆட்டிறைச்சியை அடுக்கிக்கொண்டு போனால் எல்லையில் தீர்வை கட்ட நேரும்.

ஆஸ்திரியாவில் விக்னெட் காருக்கு மட்டும்தான். குறுகிய காலச் சீட்டுகளும் உண்டு, அஸ்ஃபினாக் என்ற அரசு நிறுவனம் விற்கிறது. ஆனால் பிரென்னர், டவுவர்ன், ஆர்ல்பெர்க் போன்ற மலைப்பகுதிகளில் தனிக் கட்டணம். பிரென்னர் வழியாகப் போகிறவர், இன்ஸ்புருக் வரையிலான நெடுஞ்சாலைக்கு விக்னெட்டும், அங்கிருந்து இத்தாலி எல்லைவரை ஏ13 கட்டணமும் ஆக இரண்டும் கட்ட வேண்டும்.

பிரான்ஸ்: 2 மீட்டர், 3 மீட்டர்

பிரெஞ்சுச் சாவடியில் ஐந்து வகுப்புகள். 2 மீட்டருக்குள் உள்ள கார் முதல் வகுப்பு. 2 முதல் 3 மீட்டருக்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரைத் தொட்டாலோ, வண்டியின் எடை 3.5 டன்னைத் தாண்டினாலோ மூன்றாம் வகுப்பு, அச்சு கூடினால் நான்காம் வகுப்பு. ஐந்தாவது மோட்டார் சைக்கிளுக்கு. கேரவன்கள் பெரும்பாலும் 2.6 மீட்டர் உயரம் என்பதால் கேரவன் மாட்டிய கார் இரண்டாம் வகுப்பில் வரும். எடைக்கு இழுக்கும் காரை மட்டும் பார்ப்பார்கள். கட்டணம் முதல் வகுப்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை வைத்த மோட்டார் வீடுகள் 3 மீட்டரைத் தாண்டிவிடும், அவை மூன்றாம் வகுப்பு. வாடகைக்கு எடுக்கும்போதே உயரத்தைக் கேட்டு, மீட்டரிலேயே எழுதி ஓட்டுநர் முன் ஒட்டிவையுங்கள். கூரையில் குளிர்சாதனப் பெட்டி பொருத்தியிருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சாவடியை நெருங்கும்போது வலப்பக்கம் இருங்கள். 2 மீட்டர் என்று எழுதித் தொங்கவிட்ட கட்டை உள்ள வழிகளுக்குள் போகவே கூடாது. நிற்காமல் 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வழிகள் பெரும்பாலும் இந்த வகைதான். பச்சை அம்பு போட்ட வழி எல்லாருக்கும் பொது. கார்டு படம் போட்ட வழியில் பணத்தாள் செல்லாது. "t" எழுத்து மட்டும் போட்ட வழி டெலிபியாஜ் கருவி வைத்திருப்பவர்களுக்கு. இந்தக் கருவியை ஃபாஸ்டேக் போல நினைத்துக்கொள்ளலாம், ஆனால் முன்பணம் போட வேண்டியதில்லை, மாதக் கடைசியில் கணக்கிலிருந்து எடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் பிரான்ஸ் போகிறவர்கள் கட்டாயம் வாங்கலாம். இலகு வாகனக் கருவி ஒன்றே முதல், இரண்டாம் வகுப்பு இரண்டுக்கும் செல்லும், வகுப்பைச் சாவடியே அளந்துகொள்ளும். ஸ்பெயின், போர்ச்சுக்கல், இத்தாலியிலும் வேலை செய்யும் கருவிகள் கிடைக்கின்றன.

ஜெர்மன் வங்கி கொடுக்கும் வெறும் ஜிரோகார்ட் இங்கே உதவாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை இயந்திரம் ஏற்காவிட்டால் பின்னால் வரிசை நீளும்போது தேட நேரமிருக்காது. திரையில் வகுப்பு 3 என்று காட்டினால் காசு கட்டாதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்தி, "கிளாஸ் து, கரவான்" என்று சொன்னால் போதும், அங்கிருந்தே கேமராவில் பார்த்து மாற்றுவார்கள். கட்டிய பிறகு பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. நுழையும்போது எடுத்த சீட்டைத் தொலைத்தால் அந்தச் சாலையின் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணம் வரும்.

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சாவடியே இல்லாத சாலைகளில். பாரிசிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14, நடுப்பிரான்சின் ஏ79 ஆகியவற்றில் தடுப்புக்கட்டை கிடையாது. மேலே கட்டிய சட்டத்தில் உள்ள கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். 72 மணி நேரத்துக்குள் நீங்களாகப் போய்க் கட்ட வேண்டும். ஏ13, ஏ14-க்கு சானெஃப் தளம், ஏ79-க்கு அலியே தளம். கார் எண்ணில் எதுவும் காட்டாவிட்டால் கேரவன் எண்ணையும் போட்டுப் பாருங்கள். தவறினால் அபராதம் படிப்படியாக ஏறும்.

மாசு வலயம் உள்ள நகரத்துக்குள் போவதானால் கிரிட்ஏர் ஒட்டியைக் காருக்கு வாங்க வேண்டும், கேரவனுக்குத் தேவையில்லை. தபாலில் வருவது என்பதால் பல வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

இத்தாலி

இலங்கையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஓட்டியவர்களுக்கு இந்த முறை பழகியது: நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது தூரத்துக்கான காசு. கார் மட்டும் என்றால் ஏ வகுப்பு. ஓரச்சுக் கேரவன் மாட்டினால் மூன்று அச்சு, வகுப்பு 3. ஈரச்சுக் கேரவன் என்றால் வகுப்பு 4. ஒரே நீளக் கேரவன் இரண்டு வகையிலும் கிடைத்தால், இத்தாலிக்கு ஓரச்சு மலிவு.

தெலிபாஸ் என்ற கட்டணக் கருவி வைத்திருப்பவர்களுக்கான மஞ்சள் நிற வழிக்குள் தவறிப் போய்விட்டால் ஒருபோதும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். சாவடியில் பின்னோக்கி ஓட்டுவது உரிமத்தையே பறிக்கக்கூடிய குற்றம். பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். கட்டையைத் திறந்து ஒரு சீட்டுத் தருவார்கள், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டினால் அபராதம் இல்லை. மிலானுக்கு வடக்கே ஏ36-இல் பிரான்ஸ் போலவே சாவடி கிடையாது, அங்கும் 15 நாள் கெடு. கேரவனுக்கு ஆட்டோஸ்ட்ராடா என்ற நெடுஞ்சாலையில் வேக வரம்பு 80, ஊருக்கு வெளியே மற்றச் சாலைகளில் 70. ஜெர்மனியில் 100 ஓட்ட அனுமதிக்கும் ஒட்டி இங்கே செல்லாது.

எந்த வழி?

வழிகாட்டிச் செயலியில் "கட்டணச் சாலையைத் தவிர்" என்பதை முழுப் பயணத்துக்கும் போட்டுவிட்டால் கெடுதல்தான் அதிகம். விக்னெட் சாலைகளையும் பல செயலிகள் கட்டணச் சாலையாகவே எண்ணும். 80 பிராங்க் கட்டிவிட்டு, ஊர் ஊராக வேகத்தடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள். தனியாக 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார், கேரவனோடு 10, 11 லிட்டர் குடிக்கும். நின்று நின்று கிளம்பும் ஊர்ச்சாலையில் இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் 90-இல் ஒரு மணிக்குச் சற்று மேலாகும் தூரம் ஊர்ச்சாலையில் இரண்டு மணியாகும். அந்த நேரத்துக்கும் டீசலுக்கும் முன்னால் மிச்சமாகும் கட்டணம் சிறியது. சாதாரணச் செயலிகளுக்கு வண்டியின் உயரம், அகலம் தெரியாது என்பதும் சேர்ந்துகொள்ளும். அளவுகளை உள்ளிடும் வசதியுள்ள செயலியே கேரவனுக்கு உகந்தது.

ஆனால் கட்டணமும் குறைந்து சாலையும் நன்றாக இருக்கும் வழிகள் சில உண்டு. ஸ்பெயின் எல்லைப் பக்கமோ லாங்டாக் கடற்கரைக்கோ போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஏ75. வழக்கமான பாதை முல்ஹவுஸ், போன், லியோன், ஏ7 என்று போகும், முக்கால்வாசி கட்டணச் சாலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் நகரவே நகராது. இதற்குப் பதிலாக ஷாலோனில் பிரிந்து திகுவான், மோன்மரோ வழியாக கிளெர்மோன் ஃபெரான் போய் ஏ75 பிடித்தால், பெசியே வரை 300 கிலோமீட்டருக்கு மேல் இலவசம். 2004-இல் திறந்த மில்லோ பாலம் ஒன்றில் மட்டும் கட்டணம். மோன்மரோவுக்கு முன் வருவது அந்த ஏ79, 72 மணிக் கெடுவை அங்கே மறக்காதீர்கள். ஏ75 கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் எஞ்சின் வெப்பமானியைப் பாருங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், பிரேக்கில் காலை ஊன்றியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மில்லோவில் பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் அன்று நின்று போவதே நல்லது. வலுக்குறைந்த கார் என்றால் ஏ7-ஐயே எடுங்கள், ஆனால் லியோன் நகருக்குள் ஃபூர்வியேர் சுரங்கம் பக்கம் போகாமல் கிழக்கே சுற்றும் ஏ46-இல் திரும்புங்கள்.

ஸ்பெயினுக்குள் நுழைந்த பிறகு லா ஹொன்கேராவிலிருந்து தெற்கே ஏபி7-க்கு 2021 ஆகஸ்ட் இறுதியோடு கட்டணம் நின்றுவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பி அங்கே சுற்றுவழி தேட வேண்டாம்.

இத்தாலிக்கு சுவிட்சர்லாந்தின் காட்ஹார்ட்டா, ஆஸ்திரியாவின் பிரென்னரா? மியூனிக் பக்கத்தவருக்கு பிரென்னர்தான் கிட்ட. ஆனால் 2025 ஜனவரி முதல் அங்கே லூக் பாலத்தைப் புதுப்பிக்கும் வேலையில் சாலை பல நாட்களில் திசைக்கு ஒரு தடமாகச் சுருங்குகிறது. கோடை வார இறுதிகளில் திரோல் மாநிலம் கடந்துபோகும் வண்டிகளை நெடுஞ்சாலையிலிருந்து இறங்கவும் விடாது. பிராங்பர்ட், ஸ்டுட்கார்ட் பக்கத்தவருக்கு காட்ஹார்ட். 16.9 கிலோமீட்டர் சுரங்கம், விக்னெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் இல்லை. ஒரே குழாயில் இரு திசைப் போக்குவரத்து என்பதால் கோடைச் சனிக்கிழமைகளில் சுரங்கத்தின் வடக்கு வாசலான கோஷெனனில் மணிக்கணக்கில் நிற்க நேரும். அப்போது பலர் சான் பெர்னார்டினோவுக்குத் திரும்புவார்கள். அது 1,600 மீட்டர் வரை ஏறும் வளைவுச் சாலை, கேரவனோடு முதல்முறை ஓட்டுகிறவருக்கு உகந்ததல்ல. செவ்வாய் அல்லது புதன் கிளம்பினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. பிரான்சில் பீசோன் ஃபுத்தே என்ற அரசுச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நெரிசல் நிறம் கொடுத்துவிடுகிறது. கறுப்பு நாளில் கேரவனோடு சாலைக்கு வராதீர்கள்.

திரும்பிய பிறகு

எல்லாக் கட்டண ரசீதுகளையும் படமெடுத்து ஒரு வருடமாவது வைத்திருங்கள். சாவடியில்லாச் சாலைக் கட்டணம் தவறியிருந்தால் கடிதம் மாதங்கள் கழித்தும் வரும். வாடகை வண்டியென்றால் முதலில் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து உங்களுக்கு அனுப்புவார்கள். கடிதம் வந்தால் அதிலுள்ள நம்பர் பிளேட், தேதி, வகுப்பு மூன்றையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். வகுப்பு தவறாக இருந்தால் கேரவனின் உயரம் தெரியும் பதிவுப் பத்திரப் பக்கத்தை இணைத்து, கடிதத்தில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் மறுப்பு எழுதுங்கள்.